அம்மன் பணம் படிக்கப் போயிருந்தது

நெருப்பைக் கடன் வாங்கினால் யாராவது திருப்பிக் கொடுப்பார்களா, பிள்ளைகளே? அக்கா கொடுப்பார்.

அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் தீப்பெட்டி இருக்காது. விடிந்ததும் எந்தக் கூரைமேல் முதலில் புகை தெரிகிறதோ அந்த வீட்டுக்கு, உடைந்த பானையின் ஓட்டாஞ்சில்லை எடுத்துக்கொண்டு போய், ஒரு கங்கு வாங்கி வந்து நம் அடுப்பைப் பற்றவைத்துக்கொள்வோம். வாங்கினவர்களும் அதை நினைப்பதில்லை, கொடுத்தவர்களும் நினைப்பதில்லை. அக்கா மட்டும் தன் அடுப்பு நன்றாகப் பிடித்ததும், அதிலிருந்து ஒரு கங்கை அதே சில்லில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார்.

"ஏம்மா, எங்க அடுப்புதான் திகுதிகுன்னு எரியுதே. இத வெச்சிக்கிட்டு நான் என்னா பண்ணட்டும்?" என்று என் அம்மா கேட்பாள்.

"உங்க கங்கு உங்க அடுப்புல சேரட்டுங்க. நான் வெச்சிக்கிட்டா எங்கூட்டுக் களி வேவாது."

அம்மா அதை வாங்கி அடுப்பில் தள்ளிவிட்டு, அக்கா போன பிறகு "கிறுக்குப் புள்ள" என்பாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். எங்களில் யாராவது இரவல் வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்துவிட்டால், "பக்கத்து வூட்ல ஒருத்தி நெருப்பையே திருப்பிக் குடுக்கறா, நீயெல்லாம் எதுக்கு இருக்கற?" என்று அந்தக் கிறுக்கைத்தான் எடுத்து எங்கள் தலையில் அடிப்பாள்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு நர்சம்மா, எங்களுக்கு அக்கா. பாப்பாரப்பட்டிக்கு மேற்கே, வண்டித்தடம் முடிகிற இடத்தில் இருந்த எங்கள் ஊரில், அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர்தான். தாயும் மகளும் வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள். வாசலுக்கு வந்தால் தமிழ். எங்கள் பக்கத்தில் அது சாதாரணம்.

அக்காவின் அப்பா தர்மபுரித் தாலுக்காக் கச்சேரியில் சேவகராக இருந்தவர். அதனால் அக்கா அங்கேயே எட்டாவது வரை படித்துத் தேறினார். அப்பா காலமானதும் தாயும் மகளும் ஊருக்கே வந்துவிட்டார்கள். ஆண்களையும் சேர்த்துச் சொல்கிறேன், எங்கள் ஊரில் எட்டாவது தேறினவர் அவர் ஒருவர்தான். நான் ஐந்தாவதோடு நின்று வண்டி ஓட்டப் போனவன்.

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், ஒரு கோடைகாலத்தில் எங்கள் ஊரில் அடுத்தடுத்துப் பிரசவத்தில் பெண்கள் இறந்துபோனார்கள். கடைசியாகப் போனது ஊர்க்கவுண்டரின் மூத்த மருமகள். ஊருக்குப் பெரியதனம் பார்க்கிற குடும்பம் அது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டினோம். அந்த வண்டியை ஓட்டினவன் நான்தான். பாதி வழியிலேயே கவுண்டர் என் தோளைத் தொட்டு, "திருப்புப்பா" என்றார். அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் என்னால் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

கருமாதி முடிந்த கையோடு கவுண்டர் ஊரைக் கூட்டினார். அம்மன் கோயில் முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.

"இந்தப் புள்ள எட்டாவது படிச்சிருக்குது. சேலம் ஆஸ்பத்திரில பிரசவம் பாக்கற படிப்பு சொல்லித் தர்றாங்களாம். அனுப்பி வெக்கலாம்னு இருக்கறேன்" என்றார் கவுண்டர்.

"தங்கறதுக்கு, திங்கறதுக்கு, துணிமணிக்குப் பணம்?" என்று பூசாரி கேட்டார்.

"அம்மன் பணம் இருக்குதே."

அம்மன் பணம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டும். கோயிலுக்கு ஒரு புளியந்தோப்பு உண்டு. வருடாவருடம் காயை ஏலம் விட்டு, வருகிற பணத்தைக் கோயில் பெட்டியில் போட்டு வைப்பார்கள். திருவிழாச் செலவு போக மிச்சமிருப்பதை, ஊரில் யாருக்காவது மெய்யான கஷ்டம் வந்தால் கடனாகக் கொடுப்பார்கள். அதற்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. அம்மன் பணத்துக்கு வட்டி கிடையாது. ஆனால் தள்ளுபடியும் கிடையாது. வாங்குகிறவர் கையில் வாங்கக்கூடாது. துணியை விரித்து மடியில் வாங்கவேண்டும். திருப்பும்போதும் அப்படித்தான், மொத்தப் பணத்தையும் ஒரே தடவையாக மடியில் கொண்டுவந்து அம்மன் முன்னால் கொட்டவேண்டும். இன்றைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சம் என்று கட்டினால் செல்லாது. இன்னொன்று, அந்தப் பணம் வெளியே இருக்கிறவரை திருவிழாவுக்குக் காப்புக் கட்டக்கூடாது. காப்புக் கட்டாவிட்டால் திருவிழாவே இல்லை. "பொட்டி பாதி காலியா இருக்கையில அம்மனுக்கு என்னாத்துக்குக் கொண்டாட்டம்?" என்பார் பூசாரி.

அதுவரை விதை வாங்கவும் கிணறு வெட்டவும்தான் அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தார்கள். ராகி அறுத்ததும், கடலை பிடுங்கியதும் திரும்பி வந்துவிடும். ஒரு திருவிழாகூடத் தவறியதில்லை. இதையும் அப்படியே நினைத்துவிட்டார்கள். "படிச்சு முடிச்சதும் சர்க்கார் சம்பளம். மறு வருசமே வந்து கொட்டிரும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் சொன்னேன். ராகி எத்தனை மாதத்தில் விளையும் என்று எங்களுக்குத் தெரியும். படிப்பு எத்தனை வருடத்தில் விளையும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்?

அக்கா அம்மன் முன்னால் வந்து முந்தானையை விரித்து நின்றார். இருநூற்றைம்பது வெள்ளி ரூபாய். பூசாரி பெட்டியைச் சாய்த்ததும் முந்தானை தொய்ந்து முழங்கால்வரை இறங்கியது. அக்கா சட்டென்று இரண்டு கையாலும் அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டார். தாங்கிக்கொண்டே வீடுவரை நடந்து போனார். வழியில் யாரோ, "கனமா இருக்குதா நர்சம்மா?" என்று கேலியாகக் கேட்டார்கள். படிக்கப் போவதற்கு முன்பே அந்தப் பெயர் வந்துவிட்டது.

சேலத்திலிருந்து அவர் திரும்பி வந்தபோது வெள்ளைச் சேலை, தோல்பை, கறுப்புக் குடை. ஜில்லா போர்டில் பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அவரைப் போட்டார்கள். எந்தத் தடத்தில் எந்த நேரத்தில் பார்த்தாலும் அந்தக் குடை போய்க்கொண்டிருக்கும். நான் வண்டியை நிறுத்தி, "ஏறிக்குங்கக்கா" என்றால், "காசு வாங்கிக்கறதா இருந்தா ஏறறேன்" என்பார். "உங்ககிட்ட வாங்குவனா?" என்றால், "அப்ப நடக்கறேன்" என்பார். மாடு மெதுவாக நடக்க, வண்டிக்குப் பக்கத்திலேயே பேசிக்கொண்டு நடந்து வருவார். நானும் மரியாதைக்காக இறங்கி நடப்பேன். வண்டி காலியாகப் போகும். எதிரில் வருகிறவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

பிரசவம் நல்லபடியாக முடிந்தால் ஒரு முறம் ராகியும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுப்பது வழக்கம். அக்கா வெற்றிலையை எடுத்துக்கொண்டு முறத்தை அங்கேயே வைத்துவிடுவார். ஒரு வீட்டுக் கிழவி விடவில்லை.

"புள்ள பொறந்த வூட்ல குடுக்கறத வேணாங்கக்கூடாது, ஆமா!"

"சரிங்க ஆயா" என்று அக்கா ஒரு கை ராகியை அள்ளினார். வாசலில் மேய்ந்துகொண்டிருந்த அந்த வீட்டுக் கோழிக்கே இறைத்துவிட்டுக் குடையை விரித்தார்.

"அடி இவளே! என் ராகிய என் கோழிக்கே போட்டுட்டுப் போறா பாரு!" என்று கிழவி கத்தினாள். தெருவே சிரித்தது.

போர்டுச் சம்பளம் எங்கள் ஊர் நினைத்ததுபோல் இல்லை. தொகையும் கொஞ்சம், மாதம் தவறியும் வரும். அதில் தாயும் மகளும் சாப்பிட்டு, மீந்ததை ஒரு பித்தளைச் சொம்பில் போட்டு மஞ்சள் துணியால் வாயைக் கட்டி வைப்பார் அக்கா. வெளுத்து வெளுத்து நூலாய்ப் போன இரண்டு சேலைகளை மாற்றி மாற்றிக் கட்டினார். நெல்லுச்சோறு அவர்கள் வீட்டில் பொங்கலுக்கு மட்டும்தான். சொல்லியிருந்த மறு வருடம் போனது. அதற்கு மறு வருடமும் போனது. பெட்டியில் அம்மன் பணம் இல்லை. கோயிலில் காப்பு இல்லை.

சொம்பு ஏறக்குறைய நிறைந்திருந்த சமயத்தில் அவருடைய தாயாருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. சேலத்தில் அறுத்து எடுக்கவேண்டும், பணம் ஆகும் என்றார்கள். அந்த அம்மாள் கட்டிலில் படுத்தபடி, "மொதலு சால தீர்சு மகளே" என்று கன்னடத்தில் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது. முதலில் கடனைத் தீர் என்று அர்த்தம்.

அக்கா தமிழில் பதில் சொன்னார், எங்களுக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. "கடன் காத்திருக்கும்மா. நீ காத்திருக்கமாட்ட."

என் வண்டியில்தான் தர்மபுரிக்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறினார்கள். அன்றைக்கு மட்டும் வண்டியில் ஏறினார். வாடகையையும் எண்ணிக் கொடுத்தார். தாயார் பிழைத்து வந்தார். சொம்பு காலி. திரும்பி வந்த அன்றே அக்கா நேராகக் கவுண்டர் வீட்டுக்குப் போனார். தலையைக் குனியாமல் நின்று, "சேத்தது செலவாயிடுச்சுங்கய்யா. மொதல்ல இருந்து ஆரம்பிக்கறேன். அதச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்" என்றார். கடன் கொடுத்தவர் கண்ணில் படாமல் ஊரைச் சுற்றிப் போகிறவர்களைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன்.

இதற்குள் சுற்றுவட்டாரத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு பேச்சு வந்துவிட்டது. பாப்பாரப்பட்டிச் சந்தையில் வண்டியை அவிழ்த்தால் போதும். "என்னாப்பா, உங்க அம்மன் கடன் குடுத்துட்டுப் பட்டினி கெடக்குதாமே?" என்பான் ஒருவன். "அவங்க ஊர்ல அம்மனுக்கே பிரசவம் பாத்துட்டு இருக்கறாங்கப்பா, முடிஞ்சதும் திருவிழா" என்பான் இன்னொருவன். மழை தவறினால் அக்கா கடன்தான் காரணம். மாட்டுக்குக் கோமாரி வந்தால் அக்கா கடன்தான் காரணம்.

எனக்கு அதைவிடப் பெரிய துன்பம் ஒன்று வந்தது. மாரண்டஹள்ளிப் பக்கத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எல்லாம் பேசி முடித்துத் தட்டு மாற்றுகிற நேரத்தில் பெண்ணின் அப்பா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "காப்புக் கட்டாத ஊருக்கு என் பொண்ணக் குடுக்கமாட்டேன். மொதல்ல உங்க அம்மனுக்குக் காப்பு. அப்பறம் எம்பொண்ணுக்குத் தாலி" என்றுவிட்டார்.

நேரே அக்காவிடம் போனேன். அவர் களி கிண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க கடன்ல என் கல்யாணம் போயி மாட்டிக்கிச்சு."

"உன்னுது மட்டுமா மாட்டிச்சு?" என்று அக்கா துடுப்பை நிறுத்தாமல் சிரித்தார். தர்மபுரியில் ஒரு கம்பவுண்டர் அவரைப் பெண் கேட்டு ஆள் விட்டிருந்ததும், கடன் தீராமல் ஊரைவிட்டு வரமாட்டேன் என்று இவர் சொல்லி அனுப்பியதும் எங்களுக்குத் தெரியும். "நான் யாருகிட்டத் தம்பி போயிக் கேக்கறது?"

"ஊட்டுக்குக் கொஞ்சம் போட்டு ஊரே கட்டிரலாங்கக்கா. நான் மொதல்ல போடறேன்" என்றேன்.

"படிச்சது நான். சர்ட்டிபிகேட்டுல இருக்கறது எம்பேரு. பணம் மட்டும் நீங்க கட்டுவீங்களா?" என்றவர், ஒரு உருண்டை களியைத் தட்டில் போட்டு என் முன்னால் தள்ளினார். "தின்னு. பொண்ணு எப்பிடி? காத்திருக்குமா?"

"பொண்ணு காத்திருக்குங்க. அவங்கப்பன்தான்..."

"பொண்ணு காத்திருந்தா சரி."

அந்தப் பெண் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள், காத்திருந்தாளா என்று. கம்பவுண்டர் காத்திருக்கவில்லை. அதைப் பற்றி அக்கா ஒரு நாளும் பேசினதில்லை.

பிறகு ஓர் ஐப்பசி மழையில், ஊர்க்கவுண்டரின் இளைய மருமகளுக்கு வலி கண்டது. பிள்ளை கால்பக்கமாக வந்தது. ஓடையில் வெள்ளம், வண்டி போகாது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை அக்கா அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. வாசலில் கவுண்டர் நனைந்துகொண்டே நின்றார். யார் குடை பிடித்தாலும் தள்ளிவிட்டார். கடைசியில் உள்ளே பிள்ளை அழுதது. தாயும் பிழைத்தாள்.

மழை விட்டதும் கவுண்டர் மறுபடி ஊரைக் கூட்டினார்.

"இந்தப் புள்ள படிச்சிட்டு வந்ததுக்கப்பறம் நம்ம ஊர்ல ஒரு தாயும் போவல. என் பெரிய மருமவள என்னால திருப்பிக் கொண்டார முடியல. சின்ன மருமவள இது திருப்பிக் குடுத்திருக்குது. இதுக்கு மேல என்னா கணக்கு? அந்தப் பணத்தத் தள்ளிரலாம். இந்த வருசம் காப்புக் கட்டலாம்."

கூட்டம் ஆரவாரித்தது. எல்லாரையும்விடப் பெரிய சத்தம் என்னுடையதுதான். பூசாரி மட்டும் தலையைச் சொறிந்தார்.

"தள்ள நாம யாருங்க? பூப்போட்டுக் கேட்டுருவோம்."

வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். பூப்பறிக்க ஆள் எழுந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து வந்தார்.

"பூ வேணாங்க. வெள்ளப்பூ வந்தா எனக்கு வெக்கம். செவப்பு வந்தா ஐயாவுக்கு வெக்கம். எதுக்கு அம்மன நடுவுல இழுக்கறீங்க?"

"உனக்கென்னம்மா வெக்கம்? நீதான் ஒழைச்சுத் தீத்துட்டயே" என்றார் கவுண்டர்.

"ஒழைச்சதுக்குப் போர்டு சம்பளம் குடுக்குதுங்க. ஒரு வேலைக்கு ரெண்டு கூலியா?"

"அட, நாங்களாத்தான் விட்டுக்குடுக்கறோம். வாங்கிக்கயேன். என்னா புள்ள நீ?"

அதற்கு அக்கா சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது.

"நாளைக்கு இன்னொரு புள்ள வந்து, நானும் படிக்கப் போறேன்னு இதே எடத்துல மடி விரிச்சா என்னா சொல்லுவீங்கய்யா? 'முன்ன ஒருத்திக்குக் குடுத்தோம். திரும்பி வரல. பாவம்னு விட்டுட்டோம்.' இதத்தான சொல்லுவீங்க? என் கடன நீங்க தள்ளுனா அந்தப் புள்ளையையும் சேத்துத் தள்ளுறீங்க. நான் கட்டிட்டுப் போறேன். அதுக்கு வழி தெறந்திருக்கட்டும்."

கவுண்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில்கூட இல்லை அன்றைக்கு.

"சரி. எப்பம்மா?"

"சொல்லி அனுப்பறேன். நீங்க மேளத்துக்குச் சொல்லி வெச்சிக்குங்க."

கவுண்டர் காப்புக் கட்டலாம் என்றதும் நிச்சயமான என் கல்யாணம், பத்தே நிமிடத்தில் கலைந்துபோயிற்று. ஆனாலும் சொல்கிறேன், அன்று வீட்டுக்குப் போகும்போது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். அடுத்த சந்தையில் ஒருவன் பழைய கேலியை எடுத்தபோது, "எங்க ஊருல தள்ளுபடி பண்றன்னு கூப்புட்டே வேணாம்னுச்சு ஒரு பொம்பள. உங்க ஊருல இருக்குதா அப்பிடி ஒரு ஆம்பள?" என்று கேட்டேன். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

அதற்குள் யுத்தம் வந்திருந்தது. அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் எட்டாத விலைக்குப் போயின. போர்டில் கொஞ்சம் பஞ்சப்படி கொடுத்தார்கள். அதையும் அக்கா சொம்பில் போட்டார். ஒரு பங்குனி மாதம், தோப்பில் புளி உலுக்கி முடித்த சமயம், கவுண்டர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

ஊரே கோயில் முன்னால் நின்றது. அக்கா முந்தானையை மடியாகக் கட்டி, அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கியபடி நடந்து வந்தார். பின்னால் அவருடைய தாயார், கோல் ஊன்றிக்கொண்டு. அம்மன் முன்னால் மடியை அவிழ்த்ததும் பூசாரி எட்டிப் பார்த்தார். பாதி வெள்ளி ரூபாய். பாதி காகித நோட்டு. யுத்தத்தில் வெள்ளிக்காசு கண்ணில் படுவதே அரிதாகியிருந்தது.

"என்னா நர்சம்மா இது? வெள்ளியா வாங்கிட்டுப் போயி காகிதமாக் கொட்டறயே. ஊதுனாப் பறந்துரும்போல லேசா இருக்குது. அம்மன் என்னா நெனைக்கும்?"

"லேசாத்தான் இருக்குதுங்க பூசாரியண்ணே. சேத்துப் பாத்தாத் தெரியும் அதோட கனம்."

"வெள்ளைக்கார ராசாவே காகிதத்துக்கு எறங்கிட்டான். நம்ம அம்மன் எறங்கமாட்டாளா? வாங்குய்யா" என்று கவுண்டர் அதட்டினார்.

அக்கா கொட்டினார். மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காசு விழவில்லை. முந்தானையை உதறினார், அது உருண்டு போய் அம்மன் பீடத்தில் மோதி நின்றது. பெட்டியில் அள்ளிப் போடப் போன பூசாரியை அக்கா தடுத்தார்.

"எண்ணுங்க."

"உன் பணத்தப் போயி எண்ணுவாங்களாம்மா?" என்றார் கவுண்டர்.

"எண்ணாத வாங்குனா அது நம்பிக்கைங்க. எண்ணி வாங்குனாத்தான் கடன் தீரும்."

எண்ணினார்கள். சரியாக இருந்தது. கவுண்டர் கையைத் தூக்கியதும் மேளம் முழங்கியது. அக்காவின் தாயார் தரையில் உட்கார்ந்து, "தீர்த்து, தீர்த்து" என்று, தீர்ந்துவிட்டது என்பதைத் தன் பாஷையில் சொல்லிச் சொல்லி அழுதார். அக்கா அழவில்லை. காலியான முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோல்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அந்த வருடம் திருவிழா நடந்தது பாருங்கள், விட்டுப்போன வருடங்களுக்கெல்லாம் சேர்த்து நடந்தது. சந்தையில் கேலி செய்தவர்கள் எல்லாரும் வந்து பொங்கல் சாப்பிட்டார்கள். தீ மிதிக்கிற அன்றைக்கு அக்கா ஊரில் இல்லை. ஒகேனக்கல் போகும் வழியில் பரிசல்காரர் ஒருவர் மனைவிக்கு வலி என்று ஆள் வந்தது, குடையோடு கிளம்பிவிட்டார். மறுமாதம் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணம். அக்கா முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றைக்கு ஒரு கை நெல்லுச்சோறு கூடுதலாகவே கேட்டு வாங்கினார்.

கதை இதோடு முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். மறு வருடம் புளி ஏலம் முடிந்து ஊர் கூடியிருந்தபோது, சட்டி பானை செய்கிறவர் மகள் ஒருத்தி முன்னால் வந்தாள். தாத்தா வீட்டில் தங்கி எட்டாவது தேறின பெண். வாத்தியார் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, முந்தானையை விரித்தாள்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "மறுபடியும் திருவிழா நின்னு போவுமே?" என்றார் ஒருவர்.

ஊர்க்கவுண்டருக்கு அப்போது முடி முழுக்க நரைத்திருந்தது. அவர் முதலில் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"நிக்கட்டும். போன தடவ நின்னு நமக்கு என்னா கொறஞ்சு போச்சு? அவ குடுத்தா. இவளும் குடுப்பா. கொட்டுய்யா பூசாரி!"

முன்பு போல் வெள்ளி இல்லை, பெரும்பாலும் நோட்டுகள். அக்கா அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "கைய அடியில குடுத்து நல்லாப் புடி பாப்பா. பாத்தா லேசா இருக்கும். ஏமாந்துடாத" என்றார்.

அந்த வருடம் ஆடியில் மாரண்டஹள்ளியிலிருந்து உங்கள் தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், உங்கள் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, இந்த ஊர்ல திருவிழாவ மறுபடியும் நிறுத்திட்டாங்களாமே? இப்பிடிப்பட்ட ஊர்ல உன்னக் குடுத்துட்டனே!"

உங்கள் அம்மா அப்போதுதான் அக்கா வீட்டிலிருந்து வாங்கி வந்த கங்கில் அடுப்பை மூட்டியிருந்தாள். ஓட்டாஞ்சில்லில் ஒரு கங்கை எடுத்து வைத்துக்கொண்டு, அக்கா வீட்டுக்குக் கிளம்பினவள் வாசலில் நின்று தன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க அம்மன் பணம் படிக்கப் போயிருக்குதுப்பா" என்றாள். "வரும்."